தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்

நவம்பர் 11, திங்கள்

இன்று ஆண்டாய்வு. கல்வி அலுவலர் மேடம் காலையில் வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் பரமானந்தம் சார் விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலில் வாழைமரம் கட்டாத குறையாக ஜோடித்து வைத்திருந்தார். மேடம் வந்தது மத்தியானம். அதுவரை பிள்ளைகளை ஆடாமல் அசையாமல் உட்கார வைத்த பாவம் யாரைச் சேரும்?

என்னுடைய மூன்றாம் வகுப்பில்தான் மேடம் ரொம்ப நேரம் நின்றார். எட்டாம் வாய்ப்பாடு கேட்டார், குறள் கேட்டார், இங்கிலீஷில் கிழமைகள் கேட்டார். எதைக் கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. மேடம் அசந்துபோய், ஒரு பிள்ளைகூட கையைக் கீழே போடவில்லையே, எப்படி டீச்சர் என்று கேட்டார். எல்லாம் பயிற்சிதான் மேடம் என்றேன்.

பயிற்சிதான். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆனால் எல்லாரும் தூக்கியாக வேண்டும். வலது கைக்காரனைப் பார்த்து நான் எழுப்பிவிடுவேன், அவன் டாண் என்று சொல்வான். "வெரி குட், உட்காரு" என்பேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் என் முதல் பாடம் இதுதான், புத்தகமெல்லாம் அப்புறம். எனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. ஹெட்மாஸ்டருக்குக்கூடத் தெரியாது, தெரிந்தால் அடுத்த மீட்டிங்கில் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடுவார். இதில் என்ன தப்பு? தெரியாத பிள்ளைக்கும் கை தூக்கின சந்தோஷம் கிடைக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் கை மாற்றித் தூக்க மாட்டார்கள். இசக்கிராஜா மட்டும் எல்லாக் கேள்விக்கும் இடது கைதான். ஆனாலும் நாணயமாகத் தூக்குவான், கள்ளத்தனம் கிடையாது.

மேடம் கிளம்பியதும் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மழைக்காலம் வந்தாலே இந்தச் சனியன். ஒரு பையனைச் சமையல்கூடத்துக்கு அனுப்பி வெந்நீர் வரவழைத்துக் குடித்தேன். சத்துணவு சமைக்கிற வடிவு ஒருநாளும் சொம்பு நிறையத் தரமாட்டாள், முக்கால் சொம்புதான். கேட்டால் முட்டை வேகத் தண்ணீர் வேண்டுமாம். அவளை எனக்கு என்றைக்குமே நம்பத் தோன்றியதில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மாறுவேடப் போட்டியில் பாரதமாதாவாக வந்த பிள்ளை மேடையிலேயே தூங்கிவிட்டது.

சாயங்காலம் வடிவு வயர் கூடையைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். கூடையை எதற்கு மூட வேண்டும்? வீட்டில் அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஈஸிசேரும் பேப்பருமாக இருக்கிறார். "முட்டைய எண்ணுததுக்கு அங்க சத்துணவு அமைப்பாளர் இருக்கா. நீ பாடத்த நடத்து, சி.ஐ.டி." என்றார்.

சந்தேகப்படாமல் இத்தனை வருஷம் மூன்றாம் வகுப்பு எடுக்க முடியுமா? வயிற்றுவலி என்று வருகிறவனில் பாதிப் பேருக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது.

நவம்பர் 19, செவ்வாய்

காலையிலிருந்தே தொண்டை கரகரப்பு.

கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சமையல்கூடத்திலிருந்து அலறல். சாக்பீஸோடு ஓடினேன். இசக்கிராஜா தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தான். முட்டை வெந்த பாத்திரம் கவிழ்ந்து வலது தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கொதிநீர் கொட்டியிருந்தது. தரையெல்லாம் முட்டை. சொம்பு ஒன்று உருண்டு கிடந்தது. நான்தான் அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும். பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லையாம்.

வடிவு அந்த நேரத்தில் அங்கே இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாளாம். அடுப்பை எரியவிட்டுவிட்டு எவளாவது போவாளா? ஒரு பொறுப்பு வேண்டாமா?

எழுத்து கோணலாகப் போகிறது.

நவம்பர் 20, புதன்

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். வடிவு என் பெயரை இழுத்திருக்கிறாளாம். டீச்சருக்கு வெந்நீர் வாங்க வந்த பையன், தான் அங்கே இல்லாததால் அவனே மொண்டுகொள்ளப் பார்த்திருக்கிறான் என்று அமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சார் சொல்வது வேறு. முட்டைத் தட்டைத் தூக்கிக்கொடுக்க வடிவு பிள்ளைகளைக் கூப்பிடுவது வழக்கம், அன்றைக்கும் அவள் கூப்பிட்டுத்தான் பையன் போயிருக்கிறான் என்கிறார். அவள் அப்படிக் கூப்பிடுவதை நானே ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்ல முடியாது. போன வருஷம்.

அதற்குப் பிறகு சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "விசாரணை வரும் டீச்சர். வெந்நிக்கு அனுப்பினீங்களான்னு கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. ஞாபகம் இல்லங்கறது பொய் கிடையாது."

நான் அனுப்பினேனா இல்லையா என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர், அவருக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர் முக்கியமா, என் பெயர் முக்கியமா, தன் பென்ஷன் முக்கியமா?

எனக்கு ஞாபகம் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

புது ஃபிளாஸ்க் வாங்கினேன். இனி வெந்நீர் வீட்டிலிருந்தே.

நவம்பர் 23, சனி

பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன். டீச்சர் என்ற முறையில் போகாமல் இருக்க முடியுமா?

இசக்கிராஜாவின் அம்மா பீடி சுற்றுகிறவள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வடிவு தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாளாம், இட்லி கொண்டுவருகிறாளாம். தினமும் எதற்கு வர வேண்டும்? பையனுக்கு எதையாவது சொல்லிக் கொடுக்கத்தானே? இதைச் சாரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாக்காரி வெந்நீர் வாங்கப் போன நேரம் (ஆஸ்பத்திரியிலும் வெந்நீர்) நானும் அவனும் மட்டும் இருந்தோம். வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு தின்னாமல் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"டீச்சர், நான் யார்ட்டயும் சொல்லல."

என்னத்தைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. காய்ச்சல் வேகத்தில் பிள்ளைகள் எதையாவது உளறும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனாலும் தலைவலி.

நவம்பர் 25, திங்கள்

வடிவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரைதானாம். முடிந்தபிறகு ஒரேயடியாக வரவேண்டாம் என்பார்கள், யாருக்குத் தெரியாது? போலீஸ் கேஸும் வரலாம் என்று சார் சொல்கிறார். புதிதாக வந்தவள் சாம்பாரில் உப்பை வாரிக் கொட்டியிருக்கிறாள். பிள்ளைகள் வடிவக்கா எங்கே, வடிவக்கா எங்கே என்று என் உயிரை எடுக்கின்றன.

அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை. வரப்போவது அதே கல்வி அலுவலர் மேடம். சார் சொன்னார்: "உங்க கிளாஸ் பிள்ளைங்களத்தான் கேப்பாங்க. நல்லா இன்ஸ்ட்ரக்ட் பண்ணிருங்க டீச்சர்."

சாருக்கு எப்போதும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வேண்டும். நான் விடவில்லை. லைப்ரரி பீரோவைத் திறந்து அந்தத் தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். கற்பி என்று போட்டிருக்கிறது. அதற்கு அடுத்தே கட்டளையிடு என்றும் போட்டிருக்கிறது. இன்னும் கீழே, தகவல் சொல், வக்கீலுக்கு வழக்கு விவரம் எடுத்துச் சொல் என்று வால் நீள்கிறது. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் பள்ளிக்கூடமும் நடத்தியிருக்கிறான், பட்டாளமும் நடத்தியிருக்கிறான், கோர்ட்டும் நடத்தியிருக்கிறான். நமக்கு அப்படி இல்லை. சொல்லிக்கொடுப்பது வேறு, உத்தரவு போடுவது வேறு. உத்தரவு போடுகிறவனை வாத்தியார் என்று யாராவது கூப்பிடுகிறார்களா?

சார் எதைச் சொன்னார்? எனக்கு அவர் போட்டது உத்தரவு. பிள்ளைகளுக்கு நான் செய்யப்போவது பாடம். இரண்டுக்கும் அவருக்கு ஒரு வார்த்தை போதும். நாளைக்கு விஷயம் திரும்பினால், நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை டீச்சர் என்று அதே வார்த்தைக்குள் புகுந்து தப்பித்தும் விடுவார். இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

சொல்லிக் கொடுத்தேன்.

வாய்ப்பாடு மாதிரிதான். "வடிவக்கா கூப்பிட்டாங்க, இசக்கிராஜா போனான்." நான் முதலில் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். முதல் தடவை இழுத்தார்கள். அப்புறம் ராகம் வந்துவிட்டது. ராகம் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் மறக்காது.

ராகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடம் செய்த பதிலை எந்த ஆய்வாளரும் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். நானே கண்டுபிடிப்பேன். வீட்டில் அப்பா எழுதிக்கொடுத்த கட்டுரையை ஒரு பிள்ளை ஒப்பிக்கும்போது முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே ராகம் இல்லாமல், பேசுவது மாதிரிச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். பேசுவது மாதிரியே சொன்னார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், யார் வகுப்பு!

முதல் பெஞ்சில் அபிநயா மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் வலது கை தூக்குகிற பிள்ளை அவள். ஏட்டி, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எழுந்து நின்று, "டீச்சர், இது எந்தப் பாடம்?" என்று கேட்டாள்.

நல்லவேளை, பெல் அடித்துவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

மழை விடுமுறை. கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. மாவு அரைத்தேன், துணி எதுவும் காயவில்லை.

மத்தியானம் வடிவு வந்தாள். குடை இல்லாமல், தலையில் ஒரு யூரியாச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. அழுவாள், காலில் விழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்யவில்லை.

புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான் என்பதும், இரண்டு பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தச் சமையல் வேலையில்தான் கஞ்சி குடிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அதையெல்லாம் அவள் பேசவில்லை. மூத்தவளுக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், பிள்ளை மேல் கொதிநீர் கொட்டின வீடு என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள், அதை மட்டும் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"என்ட்ட யாரோ சொல்லிக் குடுத்துதான் ஒங்க பேரச் சொல்லுதேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லுதாவ. எனக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுப்பா? நான் பள்ளிக்கூடத்துல அடுப்படியத் தவிர எங்க இருந்தேன்?"

தொண்டை சரியில்லை, பேச முடியவில்லை என்று கையால் காட்டினேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். "சுக்குத் தட்டிப் போட்டு வெந்நி குடிங்க" என்று சொல்லிவிட்டு மழையோடு போய்விட்டாள்.

என்ன நெஞ்சழுத்தம்! குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா? யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அவர் ஈஸிசேரில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பேப்பரை மடக்கிவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இப்பதான் ஃபிளாஸ்க் வாங்கிருக்க. இத்தன வருசமா பள்ளிக்கூடத்துல ஒனக்கு வெந்நி எங்கருந்து வந்துச்சு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கட்டின புருஷனே என்னைச் சந்தேகப்படுகிறார் என்றால் ஊர் என்ன பேசாது என்று கத்தினேன். கத்தினதில் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. கம்பத்தில் ஏறுகிறவனுக்கு, லைன் ஆஃப் பண்ணியாச்சு என்று எவன் உத்தரவு கொடுத்தாலும், கரண்ட் இல்லையென்று எர்த் போட்டுப் பார்க்காமல் கம்பியைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் பாடம் என்றார். "எவன் சொன்னாம்ங்கிறது முக்கியமில்ல. தொடுதது ஒன் கை" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்குத் தோசை மட்டும் வைத்தேன். சட்னி அரைக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

தொண்டை. வகுப்பில் எல்லாம் சைகைதான். சுக்கு வெந்நீர் குடிக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

மத்தியானம் வேப்பமரத்தடியில் என் பிள்ளைகள் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடிதடி இல்லாமல் விளையாடினாலே எனக்குச் சந்தேகம் வரும். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அபிநயா ஒரு துண்டைச் சேலை மாதிரித் தோளில் போட்டிருந்தாள். கையில் குச்சி. காற்றில் எதையோ எழுதினாள். நின்றாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை செருமினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே, "எலேய் இசக்கி, ஓடிப்போய் வெந்நி வாங்கிட்டு வா" என்றாள். ஒரு பையன் சொம்பு பிடித்த மாதிரிக் கையை வைத்துக்கொண்டு ஓடினான். மரத்தைச் சுற்றிப்போய் விழுந்தான். மற்றவர்கள் ஐயோ என்று கத்தினார்கள். அபிநயா கையில் இருந்த குச்சியோடு ஓடினாள். அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுவது மாதிரிச் செய்தாள்.

அப்படியே என்னை மாதிரியே செருமினாள்.

பிள்ளைகளுக்கு எதைக் கண்டாலும் விளையாட்டு. விரட்டிவிட்டேன். அரையாண்டுத் தேர்வு வருகிறது, கழித்தல் கணக்கு ஒருத்தனுக்கும் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நாளைக்கு.

பச்சைப் பட்டுக் கரைச் சேலையை எடுத்து வைத்தேன். பிறகு அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுச் சாதாரணச் சேலையை எடுத்தேன். பட்டைக் கட்டிக்கொண்டு போனால் எல்லாரும் ஏன் என்று பார்ப்பார்கள்.

அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டிசம்பர் 4, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

மேடம் சரியான நேரத்துக்கு வந்தார். முதலில் ஹெட்மாஸ்டர் அறையில் வைத்து என்னைக் கேட்டார். அன்றைக்கு நீங்கள் பையனை எங்காவது அனுப்பினீர்களா? ஞாபகம் இல்லை மேடம் என்றேன். சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். மேடம் என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ராகம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

பிறகு வகுப்பு. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றார் மேடம். சார் விடவில்லை. சின்னப் பிள்ளைகள், தனியாகக் கூப்பிட்டால் பயந்து அழுதுவிடும், உங்களுக்குத்தான் இந்த வகுப்பைத் தெரியுமே, கை தூக்கச் சொல்லிப் பார்த்துவிடலாமே என்றார். மேடத்துக்கு ஆண்டாய்வு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சரி என்றார். சார் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பிள்ளைகளிடம், மேடம் கேட்டதும் எல்லாரும் கை தூக்கணும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்தக் கை என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வடிவையும் வரச்சொல்லியிருந்தார்கள். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தன, இரண்டு வால்கள் கையசைத்தன. அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

மேடம் நிதானமாகக் கேட்டார். "இசக்கிராஜாவ வடிவக்கா கூப்பிட்டுத்தான் அவன் சமையல்கூடத்துக்குப் போனானா? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. வகுப்பு முழுக்க. சார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மேடம், ஒரு பிள்ளை விடாம எல்லாரும் பார்த்திருக்காங்களே என்று சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தார். வடிவு தன் கையால் சோறு போட்ட பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் இடது கை.

முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை. எதற்கும் இடது கை தூக்காத அபிநயாவும் இடது கை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியிலும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இதை யார் சொல்லிக் கொடுத்தது? வடிவா? பிள்ளைகளின் வீட்டிலா? என் வீட்டுக்காரரே வந்து சொல்லியிருப்பாரா? சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் என்னைத் தவிர வேறு யாருமில்லை. ஜூன் மாதம், முதல் பாடம்.

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. செருமினேன். செருமினதும் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், எழுதாதீங்க. அது இடது கை. என் வகுப்புல இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம். நான்தான் அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

சார், டீச்சர் என்றார், மெதுவாக. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேடம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். நான் பிள்ளைகளைப் பார்த்து நின்றேன். தினமும் நிற்கிற இடம்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு இசக்கிராஜாவ வெந்நி வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினது யாரு? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

வலது கை. எல்லாம் வலது கை. எட்டாம் வாய்ப்பாட்டுக்குக்கூட என் வகுப்பு இப்படித் தூக்கினதில்லை. தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷத்தில் பின் பெஞ்சுக்காரன்கள் முட்டி போட்டு எழும்பி, டீச்சர் நான், டீச்சர் நான் என்று கையை ஆட்டினார்கள். எப்போதாவது ஒருநாள் வலது கை தூக்குகிறவன்களும் தூக்கினான்கள்.

மேடம் யாரையும் எழுப்பவில்லை. என்னைப் பார்த்தார். வழக்கம்போல நானே எழுப்பினேன். அபிநயா.

எழுந்து நின்று பாவாடையைச் சரிசெய்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்ததச் சொல்லணுமா, தெரிஞ்சதச் சொல்லணுமா?"

வடிவு தலையை நிமிர்த்தினாள். மழை விட்டிருந்தது, சமையல்கூடத்தில் புதியவள் ஏதோ தாளிக்கிற வாசம் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாமே ஞாபகம் வந்தது. போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் அவனை அனுப்பினேன்.

"தெரிஞ்சதச் சொல்லு" என்றேன்.

அவள் வலது கையை நேராக என் பக்கம் நீட்டி, "எங்க டீச்சர்தான்" என்றாள். சரியான பதில் சொல்லும்போது அவள் முகம் எப்போதும் மலரும், அப்படி மலர்ந்திருந்தது. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"வெரி குட்" என்றேன். "உட்காரு."